பம்பு நின்றபின் பன்னிரண்டு நாள்

தாங்கனிக்கா ஏரியின் வடமேற்குக் கரையில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கோரத்தில் ஊவிரா என்ற நகரம் இருக்கிறது. ஏரியைத் தாண்டினால் புருண்டி. ஊவிரா இருக்கும் தெற்குக் கிவு மாகாணத்தில் ஆயுதக் குழுக்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும், சண்டை மட்டும் நிற்காது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க அங்கே இருப்பது ஒரே ஒரு சுத்திகரிப்பு நிலையம். அதன் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரமோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

அந்த நிலையத்தில் ஒரு பதிவேடு உண்டு. இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் அனுப்பினோம் என்று தினமும் அதில் எழுதுவார்கள். ஊரின் காலரா சிகிச்சை மையத்தில் இன்னொரு பதிவேடு. இன்றைக்கு எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பது அதில் இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், வெவ்வேறு வேலைக்காக, வெவ்வேறு ஆட்கள் எழுதிவந்த கணக்குகள் இவை. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஒரேலி ஜாந்த்ரோனும் அவருடைய குழுவினரும் 2009 முதல் 2014 வரையிலான இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். மையத்தில் சேர்ந்தவர்கள் 5,745 பேர். பருவகால ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை இது: நிலையம் நன்றாக ஓடும் ஒரு நாளோடு ஒப்பிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீரும் வராத ஒரு நாளுக்குப் பின்வரும் பன்னிரண்டு நாட்களில் காலரா என்று சந்தேகிக்கப்படும் நோயாளிகள் 155 சதவீதம் அதிகரிக்கிறார்கள். அதாவது இரண்டரை மடங்கு. அந்த ஆண்டுகளின் மொத்த நோயாளிகளில் ஏறத்தாழ 23 சதவீதத்தினரின் நோயைத் தண்ணீர் போதாமையின் கணக்கில் எழுதலாம் என்று 2015இல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொன்னது.

‘சந்தேகிக்கப்படும்’ என்ற சொல்லை நான் கவனமாகத்தான் போட்டிருக்கிறேன். போர்ப் பகுதியில் ஒவ்வொரு நோயாளியின் மலத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்க முடியாது. கஞ்சித் தண்ணீராகப் போகிறது, உடம்பு வற்றுகிறது என்றால் காலரா என்று படுக்க வைத்துவிடுவார்கள். அவர்களில் பலருக்கு வேறு கிருமி இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கணக்குக்கு அது பெரிய குறையில்லை. குழாய் வறண்டதும் ஊரில் பேதி கூடுகிறது, அது எந்தப் பேதியாக இருந்தாலும்.

பன்னிரண்டு நாள் ஏன்? காலராக் கிருமி உள்ளே போனால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வேலையைக் காட்டிவிடும். குழாய் நின்ற அன்றைக்கு ஏரித் தண்ணீரைக் குடித்தவர் முதல் அலை. அவரிடமிருந்து அவர் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் தொற்றுவது அடுத்த அலை. மறுநாளே பம்பு ஓடத் தொடங்கினாலும் ஒரு நாள் நின்றதன் கணக்கு முடிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது.

குழாயில் வருவது சுத்தமான தண்ணீர், ஏரியில் இருப்பது அசுத்தமான தண்ணீர், அசுத்தத்தைக் குடித்ததால் நோய் என்று இதை முடித்துக்கொள்ளலாம். பாதி உண்மை அதுதான். மற்ற பாதியை விளங்கிக்கொள்ள 1972க்குப் போக வேண்டும். கில்பர்ட் வைட், டேவிட் பிராட்லி, ஆன் வைட் ஆகிய மூவரும் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் வீடுவீடாகப் பார்த்து, யார் எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று ஒரு நூல் எழுதினார்கள். தண்ணீரோடு தொடர்புள்ள நோய்களை பிராட்லி அதில் புதிதாக வகைப்படுத்தினார். சில நோய்கள் தண்ணீரில் ஏறி வருகின்றன. சில நோய்கள் கழுவத் தண்ணீர் இல்லாததால் வருகின்றன. பேதியை இந்த இரண்டு வகையிலும் சேர்க்க வேண்டும். குடிக்கும் தண்ணீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், குழந்தையின் பின்புறம் கழுவிய கையைக் கழுவ மிச்சத் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் கை அடுத்து மாவு பிசையப் போகும்.

கிருமிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வயிற்று அமிலம் நன்றாகச் சுரக்கும் ஒருவரைக் காலரா வீழ்த்தக் கோடிக்கணக்கான கிருமிகள் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். அவ்வளவு கூட்டத்தைச் சுமந்துவரத் தண்ணீரோ உணவோ தேவை. ரத்த பேதியைத் தரும் ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். ஒரு நகக்கண்ணில் அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஷிகெல்லாவை நிறுத்த முடியாது. அதற்குக் கழுவத் தண்ணீர் வேண்டும். ஒருவருக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்ற கேள்வி, அந்த லிட்டர் எவ்வளவு தூய்மை என்ற கேள்விக்குச் சமமானது. போர்க்காலத்தில் அதற்கும் முந்தியது என்றே எனக்குப் படுகிறது.

இந்த இரண்டு கிருமியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இடம் கோமா. ஊவிராவுக்கு வடக்கே, கிவு ஏரியின் கரையில் உள்ள நகரம். 1994 ஜூலை 14 முதல் 17 வரையிலான நான்கே நாட்களில் ருவாண்டாவிலிருந்து ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் பேர் எல்லை தாண்டி அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இனப்படுகொலை செய்தவர்களும் இருந்தார்கள், ஒன்றும் செய்யாத குழந்தைகளும் இருந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை நிலம் அது. கடப்பாரை இறங்காது. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை, செத்தவர்களைப் புதைக்கவும் முடியவில்லை. கிபும்பா என்ற முகாமில் தண்ணீர் ஊற்று என்று எதுவுமே கிடையாது, லாரி வந்தால்தான் உண்டு. ஏரியருகே இருந்தவர்கள் ஏரியிலேயே எல்லாம் செய்தார்கள், ஏரியிலேயே மொண்டு குடித்தார்கள். முதல் வாரத்தில் சுத்திகரித்த தண்ணீராக அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக ஆளுக்கு நாளொன்றுக்கு 0.2 லிட்டர். ஒரு டம்ளர்.

முதலில் காலரா வந்தது. அது அடங்குவதற்குள் ஷிகெல்லா. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு ஒருவர் இறந்தாலே நெருக்கடி என்று பொதுச் சுகாதாரத் துறையினர் மணி அடிப்பார்கள். கோமாவில் அந்த எண் 20 முதல் 35 வரை போனது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பேதியால் இறந்தவர்கள். காலராவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் அந்தக் கிருமியிடம் பலிக்கவும் இல்லை.

உதவி நிறுவனங்களை அந்த ஒரு மாதம் வெட்கப்பட வைத்தது. ருவாண்டா நிவாரணத்தில் நடந்த பிழைகளை மதிப்பிட்டதன் தொடர்ச்சியாக, 1997இல் ஸ்பியர் என்ற முயற்சி தொடங்கியது. நெருக்கடியில் சிக்கிய மனிதருக்குக் குறைந்தது என்னென்ன கிடைக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு வரையறுக்கும் கையேடு அது. தண்ணீருக்கு அது சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, கழுவ, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும். 2009இல் இலங்கையின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர் என்றும் கையேடு சொல்கிறது. அந்தக் குழாயில் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் வரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பெருக்கிப் பாருங்கள்: 250 பேருக்கு 15 லிட்டர் வீதம் 3,750 லிட்டர். நிமிடத்துக்கு ஏழரை வீதம் அது நிறைய 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். யாரும் சண்டை போடாமல், ஒரு நொடியும் குழாயை வீணாக்காமல் இருந்தால். டீசல் இரண்டு மணி நேரத்துக்குத்தான் இருக்கிறது என்றால் அதே குழாயில் ஆளுக்குக் கிடைப்பது 3.6 லிட்டர். குடிக்கவும் உலை வைக்கவும் சரியாக இருக்கும், கை கழுவ மிஞ்சாது. அறிக்கையிலோ, அந்த முகாமில் 250 பேருக்கு ஒரு குழாய் இருக்கிறது என்றுதான் பதிவாகும்.

நாடுகளின் வீட்டுக் கணக்கெடுப்புகளிலும் இதே கோளாறு உண்டு. உங்கள் முக்கியமான குடிநீர் ஆதாரம் எது என்று கேட்பார்கள். குழாய் என்று சொன்னால் மேம்பட்ட நீராதாரம் என்ற கட்டத்தில் விழும். அடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் உங்கள் குழந்தைக்குப் பேதி ஆனதா என்று தாயிடம் கேட்பார்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிட்டால் சில சமயம் குழாய் உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. உடனே குழாயால் பயனில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. போர்ப் பகுதியில் ஒரே குடும்பம் திங்கட்கிழமை குழாயிலும் செவ்வாய்க்கிழமை லாரியிலும் புதன்கிழமை ஆற்றிலும் தண்ணீர் எடுக்கும். ஊவிரா ஆய்வின் பலம், குழாய் இருக்கிறதா என்று கேட்காமல் குழாயில் இன்று எவ்வளவு வந்தது என்று பார்த்ததுதான்.

தண்ணீர் எடுக்கும் தூரத்திலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஊவிரா ஆய்வில் பங்கெடுத்த சாண்டி கேர்ன்கிராஸ் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிவந்த விஷயம் இது. போய்வர ஐந்து நிமிடம் ஆனாலும் இருபத்தைந்து நிமிடம் ஆனாலும் ஒரு வீடு எடுத்துவரும் தண்ணீரின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அரை மணி நேரத்தைத் தாண்டினால் அது குறைகிறது. மறுபக்கம், குழாய் வீட்டு முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டால் திடீரென்று பல மடங்கு கூடுகிறது. ஆகவே கிராமத்துக்கு நடுவில் ஒரு குழாய் வைத்துவிட்டுப் பேதி குறையும் என்று காத்திருப்பது வீண் எதிர்பார்ப்பாகப் போகலாம். நடை குறையும், இடுப்பு வலி குறையும், கை கழுவும் தண்ணீர் அதிகரிக்காது. கென்யா, வங்கதேசம், ஜிம்பாப்வே மூன்றிலும் நடந்து 2018 வாக்கில் முடிவுகள் வெளியான பெரிய சோதனைகள் இங்கே நினைவுக்கு வருகின்றன. வீட்டில் குளோரின், கை கழுவும் வசதி, கழிப்பறை என்று கொடுத்துப் பார்த்ததில் வங்கதேசத்தில் பேதி குறைந்தது, மற்ற இரண்டு நாடுகளிலும் குறையவில்லை. மலிவான பொருட்களை வீட்டுக்குள் கொடுத்து, தண்ணீரை மட்டும் பழைய தூரத்திலேயே விட்டால் எவ்வளவு நடக்கும் என்ற கேள்வியை அவை எழுப்பின.

போர், இந்த நடைக்குத் தன் பங்குக்கு நேரத்தைச் சேர்க்கிறது. சோதனைச் சாவடி, கண்ணிவெடி வைத்த ஒற்றையடிப் பாதை, வரிசையில் நான்கு மணி நேரம். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. பெரும்பாலும் அதைத் தூக்குவது பெண்களும் சிறுமிகளும். இருட்டினால் போக முடியாது.

தண்ணீர் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் நடப்பதை மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி மலாவிக்கு வந்த அகதிகளிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். கிணற்றுப் பம்பிலிருந்து விழும் தண்ணீரில் கிருமி அநேகமாக இல்லை. வாளியில் பிடித்துத் தூக்கிச் செல்வதற்குள் கிருமி ஏறிவிடுகிறது. காரணம் விரல்கள். வாளியைக் கழுவும்போதும், விளிம்பைப் பிடிக்கும்போதும், பிறகு வீட்டில் கோப்பையை விட்டு மொள்ளும்போதும் விரல் தண்ணீரில் படுகிறது. சில குடும்பங்களுக்கு மட்டும் மூடியும் குழாய்மூக்கும் உள்ள, கை நுழைய முடியாத வாளியைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பேதி 31 சதவீதம் குறைந்தது. புள்ளியியல் கறாரில் இந்த முடிவு நூலிழையில் தேறாமல் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே மலாவி அகதிகளிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வீட்டில் சோப்பு இருந்த காலங்களில் பேதி 27 சதவீதம் குறைவு. வாளியும் சோப்பும். பத்திரிகையில் படம் போட முடியாத அளவுக்குச் சாதாரணமான பொருட்கள். சோப்புக் கட்டி தீர்ந்துவிடும் என்பதும், பசித்தவர்கள் சோப்பை விற்று அரிசி வாங்குவார்கள் என்பதும் வேறு கதை.

குளோரின் இருக்கிறதே என்று கேட்கலாம். ஸ்பியர் கையேட்டின்படி, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பம்பிலிருந்து நேராக நம் வாய்க்கு வரும் நகரத்துக்கு இது போதும். முகாமில் தண்ணீர் பத்து மணி நேரம், இருபது மணி நேரம் வீட்டில் கிடக்கிறது, அதுவும் வெயிலில், அழுக்குக் கேனில். தென் சூடான் அகதி முகாம்களில் பொறியாளர் சையது இம்ரான் அலியும் சகாக்களும் தண்ணீரைக் குழாயடியிலிருந்து குடிசைவரை பின்தொடர்ந்து அளந்தபோது, குழாயடியில் விதிப்படி இருந்த குளோரின் குடிசையில் குடிக்கும் நேரத்தில் காணாமல் போயிருந்தது. குழாயடியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வைத்தால்தான் பத்து மணி நேரம் கழித்து 0.2 மிஞ்சும் என்று 2015இல் எழுதினார்கள். கையேட்டின் எண் தவறில்லை, அதை அளந்த இடம்தான் தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுக்குள்ளும் வீட்டு வாசலிலும் நடப்பவை. வாசலுக்கு அப்பால் போர் எந்த இடத்தில் கையை வைக்கிறது என்பதை ஏமன் காட்டியது. அங்கே 2016 அக்டோபரில் காலரா தலைகாட்டி அடங்கியது. 2017 ஏப்ரல் கடைசியில் இரண்டாவது அலை எழுந்தது. ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்குக் காலரா என்று சந்தேகிக்கப்பட்டது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமி தெற்காசியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தது என்று மரபணு ஆய்வு பிறகு கண்டுபிடித்தது. ஆனால் கிருமி வருவதும் கொள்ளைநோய் ஆவதும் ஒன்றல்ல. தலைநகர் சனாவின் கழிவுநீர் அமைப்பு அந்த ஏப்ரல் நடுவில் நின்றுபோயிருந்தது. அரசு ஊழியர்களுக்குப் பல மாதங்களாகச் சம்பளம் இல்லை, குப்பை அள்ளுவோர், பம்பு இயக்குவோர் உட்பட. மழையும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் துறைமுகங்கள் முடக்கப்பட்டு எரிபொருள் வராமல் போனபோது ஹொதைதா, தாயிஸ் நகரங்களின் பம்புகளுக்குப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு டீசல் வாங்கிக் கொடுத்தது. காயக்கட்டுக்கும் ரத்தப் பைக்கும் பெயர்பெற்ற அமைப்பு டீசல் பீப்பாய் வாங்கியதை நான் அந்த ஆண்டின் சிறந்த மருத்துவ முடிவுகளில் ஒன்றாக வைப்பேன்.

சிரியாவின் வடகிழக்கில் அலூக் என்ற நீரேற்று நிலையத்தின் கதை இன்னும் வினோதமானது. ஹசக்கா பகுதியில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதை நம்பியிருந்தார்கள். 2019 அக்டோபரில் துருக்கியும் அதன் ஆதரவுப் படைகளும் நிலையத்தைப் பிடித்தன. அதற்கு மின்சாரம் தரும் கம்பியோ குர்திய நிர்வாகத்தின் பக்கம் இருந்தது. நீ மின்சாரம் தா, நான் தண்ணீர் விடுகிறேன் என்று பேரம். பேரம் முறியும்போதெல்லாம் குழாய் வறண்டது. குண்டு விழவில்லை, குழாய் உடையவில்லை. 1977இன் ஜெனீவா கூடுதல் ஒப்பந்தத்தின் 54ஆம் பிரிவு குடிநீர் நிலையங்களைத் தாக்குவதையும் அழிப்பதையும் பயனற்றதாக்குவதையும் தடைசெய்கிறது. பூட்டிய சுவிட்சுக்கும் அனுப்பாத டீசலுக்கும் யாரைப் பிடித்துக் கேட்பது என்பது அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

நோய் வந்துவிட்டால் மருந்து இருக்கிறது, அதுவும் போரில் தன்னை நிரூபித்த மருந்து. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் பங்காவுக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. சலைன் புட்டிகள் தீர்ந்தன. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, குடும்பத்தாரையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. காலரா நஞ்சு குடல் செல்லின் குளோரைடு வாயிலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் வெளியே ஓடுகிறது. மோசமான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்வரை இழக்கக்கூடும். ஆனால் குளுக்கோஸையும் சோடியத்தையும் கைகோத்து உள்ளே கூட்டிவரும் வாயிலை அந்த நஞ்சு தொடுவதில்லை. அந்த வழியாகத் தண்ணீர் திரும்ப உள்ளே போகிறது.

அற்புதமான மருந்துதான். அது பொட்டலமாக இருக்கும்வரை எடை முப்பது கிராம்கூட இல்லை, விமானத்தில் லட்சக்கணக்கில் அனுப்பலாம். கலக்க ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும், ஒரு நோயாளிக்கு நாளில் பல தடவை. கோமாவின் முதல் வாரத்தில் ஒருவருக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு பொட்டலத்தைக் கரைக்க ஐந்து நாள் ஆகியிருக்கும்.

2019இல் யுனிசெப் நீண்டகாலப் போர் நடக்கும் 16 நாடுகளின் இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நேரடி வன்முறையில் சாவதைவிட, தூய நீரும் கழிப்பிட வசதியும் இல்லாததால் வரும் பேதியில் சாகும் வாய்ப்பு சராசரியாக இருபது மடங்குக்கும் மேல். குண்டுக்குப் பலியானவர்களின் பட்டியலில் இந்தக் குழந்தைகள் வருவதில்லை.

2025 ஜனவரி கடைசியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்தது. மின்கம்பிகள் அறுந்தன, நீரேற்று நிலையங்கள் நின்றன, மக்கள் மறுபடியும் கேன்களோடு கிவு ஏரிக்கு இறங்கினார்கள். இம்முறை ஏரிக்கரையில் குளோரின் கலந்துகொடுக்க ஆட்கள் நின்றார்கள். நகரக் குடிநீர் நிறுவனத்தின் ஐந்து முக்கிய நிலையங்களை ஓட்ட யுனிசெப் ஏறத்தாழ 77,000 லிட்டர் எரிபொருள் கொடுத்தது, அவற்றை நம்பியிருந்தவர்கள் ஏழு லட்சம் பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 110 மில்லி டீசல்.